வாகையின் வைரம்

கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேடு எங்கள் ஆண்டிமடத்துக்குத் தெற்கே, ஜெயங்கொண்டத்தைத் தாண்டினால் வந்துவிடும். முதலாம் ராஜேந்திர சோழனின் அரண்மனை நின்ற இடம். தொல்லியல் துறையினர் 1980களில் அங்கே அகழ்ந்தார்கள். 2021இல் மறுபடியும் தொடங்கினார்கள். செங்கல் சுவர்களின் அடித்தளம், கூரை ஓடுகள், தூண்களைத் தாங்கிய கருங்கல் பீடங்கள், இரும்பு ஆணிகள் எல்லாம் வெளியே வந்தன. தூண்கள் வரவில்லை. உத்தரம், நிலை, கதவு எதுவும் வரவில்லை. அத்தனையும் மரத்தில் செய்தவை. கரையானும் மழையும் நெருப்பும் ஆயிரம் ஆண்டில் தின்று முடித்துவிட்டன.

தஞ்சைப் பெரிய கோயிலில் பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. மாளிகைமேட்டுத் தூண்களை இழைத்தவனின் பெயர் எங்கும் இல்லை. அந்த ஆணிகளைப் பற்றிப் படித்தபோது, அவற்றை அடித்து இறக்கிய கை யாருடையது, எந்த மரத்தில் இறக்கினான் என்றுதான் என் மனம் ஓடியது. நான் தச்சு வேலைக்காரன். தகப்பனாரும் தாத்தாவும் இதே ஊரில் இதே தொழில் செய்தவர்கள். எந்த மரத்தை எதற்கு எடுப்பது, ஏன் எடுப்பது என்பதெல்லாம் எங்கள் குடும்பத்தில் வாய்ப்பேச்சாகவே வந்தது. அதில் ஒரு மரத்தைப் பற்றியாவது எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த மரம் வாகை.

ஆண்டிமடத்துச் செம்மண் முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போனது. கண்ணுக்கெட்டிய வரை முந்திரித் தோப்பு, அதற்குள் ஆங்காங்கே பலா, அரசு நிலங்களில் தைல மரம். வாகையை இங்கே யாரும் நட்டு வளர்ப்பதில்லை. வேலியோரம், ஏரிக்கரை, களத்துமேடு, கோயில் திடல் என்று தானாக முளைத்து நிற்கும். தை, மாசியில் இலை முழுக்க உதிர்ந்து, காய்ந்த நெற்றுகள் மட்டும் கிளை நிறையத் தொங்கும். காற்று அடித்தால் மரம் முழுக்கச் சலசலக்கும். சித்திரை வாக்கில் புதுத் தழையோடு பூக்கும். நூல் நூலாக, வெண்மையும் பச்சையும் கலந்த பூ. ராத்திரியில் அந்தப் பக்கம் போனால் மணம் ஆளை நிறுத்தும்.

தமிழ் படித்த என் மகள் குறுந்தொகையின் ஏழாம் பாட்டை எனக்குக் காட்டினாள். பெரும்பதுமனார் பாடியது. காதலனோடு ஊரைவிட்டுப் போகும் பெண் நடக்கிற பாலை வழியில், வாகை நெற்றுகள் காற்றில் ஒலிக்கின்றன. கயிற்றின் மேல் ஆடுகிறவர்களுக்குக் கொட்டும் பறையைப் போல அந்த ஒலி கேட்கிறதாம். அந்த ஒலியை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் அதே மரத்தடியில் நின்று காது கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் இன்னமும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

போரில் வென்ற வேந்தர்கள் வாகைப் பூச் சூடியது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் தொல்காப்பியர் வாகைத் திணையைப் போர்க்கள வெற்றியோடு நிறுத்தவில்லை. அவரவர் தம் நிலையில், தம் தொழிலில் மேம்பட்டு நிற்பதையும் அதில் சேர்த்தார். பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை அரச வாகை, பார்ப்பன வாகை, வாணிக வாகை, வேளாண் வாகை என்று பிரித்துச் சொல்கிறது. அந்த வரிசையில் தச்சனுக்கு இடம் வைக்கவில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது. பூ அவர்களிடம் போயிற்று, மரம் எங்களிடம் வந்தது.

மரத்தைச் சொல்கிறேன். வாகையைக் குறுக்கே அறுத்தால் வெளிவட்டத்தில் வெளுத்த மஞ்சளாக அகலமான வெள்ளை தெரியும். அதற்குள்ளே வைரம். காப்பிக்கொட்டை வறுத்த நிறம், அதில் இன்னும் கறுத்த வரிகள் பட்டை பட்டையாக ஓடும். வெள்ளைக்கும் வைரத்துக்கும் நடுவே மயக்கமே இருக்காது, கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருக்கும். நன்றாகக் காய்ந்த வாகை கன அடிக்கு ஏறத்தாழ 18 கிலோ வரும். தேக்கும் அந்த எடைதான். அதனால் வாகையை லேசான மரம், உதவாத மரம் என்று ஒதுக்குகிறவர்கள் அதைத் தூக்கிப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்றே சொல்வேன்.

அதன் நார்தான் அதன் குணம். தேக்கில் நார் அடியிலிருந்து நுனிவரை ஏறக்குறைய நேராக ஓடும். வாகையில் ஒரு படலம் வலப்பக்கம் சாய்ந்து போகும், அதன் மேல் வளர்ந்த படலம் இடப்பக்கம் சாயும். இப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே மரம் பருக்கும். இழைப்புளி போடுகிறவனுக்கு இது பெரிய தொல்லை. ஒரு சாண் வழுவழுப்பாகப் போகும், அடுத்த சாணில் நார் எதிர்த்துக்கொண்டு பிய்ந்து வரும். ஆனால் இதே பின்னலால்தான் வாகை பிளக்காது. கோடாலியால் பிளந்து விறகாக்குகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எங்கள் தாத்தா வாகையை மதித்ததும் இந்தக் குணத்துக்காகத்தான்.

அவர் வண்டிச் சக்கரம் செய்தவர். மாட்டு வண்டிச் சக்கரத்தில் நடுவில் இருப்பது குடம். அதைச் சுற்றிலும் துளை போட்டு ஆரக்கால்களை இறக்க வேண்டும். ஆரக்காலின் மறுமுனை வெளிவளையமான வட்டையில் ஏறும். வட்டையின் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையைப் பூட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும்போது ஆரக்கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குடத்துக்குள் நெரியும். குடத்தில் நேர்நார் மரத்தைப் போட்டால் அந்த நிமிஷமே வாய் பிளந்துவிடும். அப்போது தப்பினாலும், நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பிளக்கும். நான்கு பக்கமும் துளை விழுந்த பிறகும் பிளக்காத மரம்தான் குடத்துக்கு ஆகும். இங்கிலாந்தில் இதே காரணத்துக்காக எல்ம் என்கிற மரத்தைக் குடத்துக்கு வைத்திருந்தார்கள். அதுவும் நார் பின்னிய மரம்தான். இரண்டு தேசத்துத் தச்சர்களும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. மரம்தான் இருவருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது.

தாத்தாவிடம் வண்டி செய்யச் சொன்ன ஒரு குடியானவர் கேட்டதை அப்பா அடிக்கடி சொல்வார்.

"என்ன ஆசாரி, கொல்லையில வேம்பு நிக்குது. அதுல குடம் போட்டா ஆவாதா?"

"ஆவும்ங்க. வண்டிய வாசல்ல நிறுத்தி வெச்சிருந்தா ஆவும்."

"ஓட்டணும்னா?"

"ஓட்டணும்னா ஏரிக்கரை வாகையக் குடுங்க. வேம்ப ஜன்னலுக்கு வெச்சுக்கலாம்."

அந்தக் காலத்தில் கூலி காசாக வராது. கலப்பை செப்பனிடுவது, நுகத்தடி மாற்றுவது, வண்டி பார்ப்பது எல்லாம் ஆண்டு முழுக்க நடக்கும். அறுவடை முடிந்ததும் களத்துமேட்டில் ஆசாரிக்கென்று நெல் அளப்பார்கள். அதற்குச் சுதந்திரம் என்று பெயர். குடம் பிளந்தால் அடுத்த போகத்தில் அளக்கிற கை சுருங்கும். மரத்தின் குணத்தைத் தப்பாகக் கணித்தவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் அவர்களுடைய மர அறிவு அவ்வளவு கறாராக இருந்தது.

பிறகு டயர் வண்டி வந்தது. இரும்பு அச்சு, பழைய லாரிச் சக்கரம். ஒரு சக்கரம் செய்ய ஆசாரி நாள்கணக்காக உட்கார வேண்டியதில்லை. மாட்டுக்கும் இழுவை குறைந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாகைக்கு ஊரில் இருந்த முதல் பெரிய வேலை அதோடு போயிற்று.

இரண்டாவது வேலை செக்கு. எள்ளும் கடலையும் ஆட்டுகிற மரச்செக்கில் உரலும் உலக்கையும் இரவும் பகலும் ஒன்றையொன்று தேய்க்கும். அங்கேயும் பிளக்காத மரம் வேண்டும், எண்ணெயில் ஊறி ஊறி இறுக வேண்டும், எண்ணெய்க்குத் தன் வாசத்தை ஏற்றக் கூடாது. வாகை மூன்றுக்கும் சரிப்பட்டது. ஜே. எஸ். கேம்பிள் என்கிற வன அதிகாரி 1881இல் இந்திய மரங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். பிறகு சென்னை மாகாணத்திலும் வேலை பார்த்தவர். வாகை கரும்பாலைக்கும் எண்ணெய்ச் செக்குக்கும் சக்கர வேலைக்கும் பயன்படுகிறது என்று அந்தப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் தாத்தா ஆங்கிலம் அறியாதவர். வெள்ளைக்கார அதிகாரி எழுதியதும் தாத்தா சொன்னதும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வாய்ப்பேச்சு வெறும் வாய்ப்பேச்சு அல்ல.

ஆலை எண்ணெயும் பாக்கெட் எண்ணெயும் வந்து ஊர்ச் செக்குகளை மூடின. உரல்கள் கொல்லையில் கிடந்து மழையில் நனைந்தன. ஆனால் இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டாக அது திரும்பி வந்திருக்கிறது. மாடு இல்லை, மோட்டார் சுற்றுகிறது. இரும்புச் சட்டத்துக்குள் மர உரல், மர உலக்கை. திருச்சி, கும்பகோணம் பக்கம் எந்தக் கடைத்தெருவிலும் "வாகை மரச்செக்கு எண்ணெய்" என்று பலகை தொங்குகிறது. அந்த வாகை என்ற எழுத்தைப் பலகையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம். எண்ணெய் வாங்குகிற எத்தனையோ பேர் அந்த மரத்தை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பெயர் மறுபடி புழங்குகிறதே.

நான் வாலிபத்தில் ஷார்ஜாவுக்குப் போனேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் போன வழிதான். ஒரு மரவேலைப் பட்டறையில் ஹோட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் கதவு, சுவர்ப்பலகை, மேஜை செய்தோம். அங்கேதான் வால்நட் மரத்தை முதன்முதலில் தொட்டேன். நம்மூரில் அக்ரூட் என்று பருப்பைத்தான் தெரியும். அமெரிக்காவிலிருந்து பலகையாக வரும் கறுப்பு வால்நட் அது. வெள்ளைக்கும் வைரத்துக்கும் நிற வேறுபாடு குறையட்டும் என்று ஆவியில் வேகவைத்தே அனுப்புவார்கள். பலகை போக, அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தடிப்பில் சீவிய வெனீர் கட்டுக்கட்டாக வரும். அதை எம்.டி.எஃப். பலகையில் ஒட்டி மெருகேற்றினால் முழு மரம் என்றே நம்புவார்கள்.

வால்நட்டில் இழைப்புளி போட்ட அன்று எனக்கு ஆசையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். உளிக்கு அடங்கும், ஆனால் விளிம்பு நொறுங்காது. சீவல் சுருள் சுருளாக வரும். காய்ந்த பிறகு அசையாது, முறுக்காது. அதிர்ச்சியைத் தாங்கும். அதனால்தான் உலகம் முழுக்கத் துப்பாக்கிக் கட்டைக்கு அதைத் தேடினார்கள். நிறம் மட்டும் நம் தேக்கு போலக் கறுக்காது, வெளிச்சம் பட்டுப் பட்டு ஆண்டுகள் போகப் போக வெளுக்கும்.

பட்டறையில் அந்தப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, அந்தக் கறுத்த வரிகளை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா போட்டிருந்த வாகைப் பலகை அது. எடையும் ஏறத்தாழ ஒன்றே. ஐரோப்பிய வால்நட் கன அடிக்கு 18 கிலோ, அமெரிக்கக் கறுப்பு வால்நட் 17 கிலோவை ஒட்டி வரும். வாகையின் துளைகள் பெரியவை, வால்நட்டின் துளைகள் நயமானவை. வாகைக்கு மெருகேற்றும் முன் துளையை அடைக்க வேண்டும். நார் விஷயத்தில் வால்நட் சாது, வாகை பிடிவாதக்காரன். ஆனால் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகு ஏற்றி முடித்த வாகையையும் வால்நட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தொழில்காரனே குனிந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதை நான் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. வெள்ளைக்கார மர வியாபாரிகள் எனக்கு வெகுகாலம் முன்பே கண்டுகொண்டார்கள். அதற்கு ஒரு பின்கதை உண்டு. ஐரோப்பாவில் பெரிய மனிதர் வீடுகளில் வால்நட் நாற்காலியும் அலமாரியும் கௌரவமாக இருந்த காலத்தில், 1709ஆம் ஆண்டின் கொடும் பனி பிரான்ஸ் நாட்டு வால்நட் மரங்களைக் கொன்று குவித்தது. மிச்சத்தைக் காப்பாற்ற 1720இல் பிரெஞ்சு அரசு வால்நட் ஏற்றுமதியைத் தடுத்தது. இங்கிலாந்துத் தச்சர்கள் மகோகனிக்கு மாறினார்கள். அன்றிலிருந்து வால்நட்டுக்கு ஈடு தேடும் வேலை ஓயவில்லை. கப்பல் போன தேசமெல்லாம் பழுப்பு மரம் தேடினார்கள்.

அந்தமான் தீவுகளில் அவர்கள் கையில் வாகை சிக்கியது. நம்மூர் மேட்டுநிலத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கிற மரம், அந்தமான் மழைக்காட்டில் உயரமாக, நேராக, பெருஞ்சுற்றில் வளர்ந்திருந்தது. 1883இல் போர்ட் பிளேர் பக்கம் சாத்தம் தீவில் ஒரு பெரிய அறுவை மில்லை நிறுவினார்கள். படாக் என்கிற செம்மரமும் வாகையும் அங்கே அறுபட்டுக் கப்பல் ஏறின. அந்தமானில் வாகைக்குக் கொக்கோ என்று பெயர். லண்டன் மர வியாபாரத்தில் அதையே கிழக்கிந்திய வால்நட் என்று விற்றார்கள். விலை உயர்ந்த வீடுகளின் சுவர்ப்பலகையாகவும் மேஜையாகவும் அது போனது. இங்கே அந்த நேரத்தில் அதே மரத்தில் எங்கள் தாத்தா வண்டிக் குடம் குடைந்துகொண்டிருந்தார். நான் அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. மரத்தின் அழகை லண்டன்காரன் எடுத்துக்கொண்டான், பலத்தை இவர் எடுத்துக்கொண்டார். பலத்தை எடுப்பதற்குத்தான் கூடுதல் அறிவு வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு மரத்துக்குச் சமூகம் கொடுக்கிற மதிப்பு என்னவெல்லாம் செய்யும் என்பதற்குக் காஷ்மீர் ஒரு சாட்சி. இந்தியாவில் வால்நட் மர வேலைக்கு அதுதான் தாய்வீடு. 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் சைனுல் ஆபிதீன் கைவினைக்காரர்களை ஆதரித்த காலத்திலிருந்து அந்தச் செதுக்கு வேலை தழைத்தது என்று சொல்கிறார்கள். வெட்டிய கட்டையை ஆண்டுக்கணக்கில் நிழலில் காயவைப்பார்கள். தண்டைவிட வேர்ப்பகுதிக்குத்தான் மதிப்பு அதிகம், அங்கேதான் நிறம் கறுத்து வரி நெளியும். 1969இல் அங்கே கொண்டுவந்த சட்டப்படி வால்நட் மரத்தை, சொந்தத் தோட்டத்தில் நின்றாலும், அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. நம் வாகை செங்கல் சூளைக்குப் போகிறது. வீடு கட்ட மேடை போடும்போது, பாகம் பிரிக்கும்போது, சாலையை அகலப்படுத்தும்போது விழுகிற வாகையை விறகு வண்டிக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போகிறார். வைரமும் வெள்ளையும் ஒரே விலை.

ஆனால் நம் பக்கத்திலேயே வாகைக்கு மரியாதை குறையாத ஓர் ஊர் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் அரும்பாவூர். மலைக்கு அந்தப் பக்கம், சேலம் மாவட்டத்தில் தம்மம்பட்டி. இரண்டும் மரச்சிற்ப ஊர்கள். சாமி சிலைகள், தசாவதாரப் பலகைகள், கோயில் வாகனங்கள், தேருக்கான பொம்மைகள், வாசல் கதவுகள் இவைதான் அவர்கள் வேலை. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் எடுக்கிற மரங்களில் முதலில் சொல்வது வாகையை. மாமரம், மாவிலங்கம், வேம்பு, ஈட்டி ஆகியவையும் உண்டு. சிலையை ஒரே கட்டையில் எடுப்பார்கள். கையைத் தனியாகச் செய்து ஒட்டுகிற பேச்சுக்கே இடமில்லை.

அங்கே போனால் வாகையோடு தூங்குவாகையையும் பார்க்கலாம். நாம் தூங்குமூஞ்சி மரம் என்று சொல்வது. சாயங்காலமும் மழைக்காலமும் இலையை மடக்கிக்கொண்டு நிற்கிற சாலையோர மரம், இளஞ்சிவப்புப் பூ. வாகைக்கு உறவுக்கார மரம், ஆனால் இந்த மண்ணுக்கு வந்தேறி. தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும் அதன் பிறந்த வீடு. 19ஆம் நூற்றாண்டில் நிழலுக்காகக் கொண்டுவந்து சாலை நெடுக நட்டார்கள். ஹவாய்த் தீவுக்கு 1847இல் ஒரு வியாபாரி இரண்டே விதை கொண்டுபோனார் என்றும், அங்கே இருக்கிற மரங்கள் அவற்றிலிருந்து பெருகியவை என்றும் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே வந்த சுற்றுலாக்காரர்கள் அந்த மரத்தில் கடைந்த கிண்ணங்களைத்தான் வாங்கிப் போனார்கள்.

தூங்குவாகையை உலகம் முழுக்கச் செதுக்குகிறவர்கள் விரும்புவதற்குக் காரணம் அது அதிகம் சுருங்காததுதான். பச்சை மரம் காயும்போது தண்ணீர் போகப் போகச் சுருங்கும். வளையத்தின் வாக்கில் கூடுதலாகவும், மையத்திலிருந்து வெளிநோக்கிய வாக்கில் குறைவாகவும் சுருங்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வெடிப்பு. ஐரோப்பிய வால்நட் வளைய வாக்கில் ஏறத்தாழ 7.5 சதவீதம் சுருங்குகிறது. தூங்குவாகை 3.5 சதவீதத்துக்குள் நின்றுவிடுகிறது. அதனால் ஈரத்தோடேயே செதுக்கலாம். ஈரத்தில் மரம் உளிக்கு இளகிக் கொடுக்கும், செதுக்கி முடித்துக் காய்ந்ததும் இறுகும், சாமியின் முகத்தில் விரிசல் விழாது. காஷ்மீர்க்காரர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்குகிற உறுதியை அரும்பாவூர்க்காரர் மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே வாங்கிவிடுகிறார். இதை எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அரும்பாவூரில் ஒரு பெரியவர் யாளி செதுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கட்டையை இரண்டு பாதங்களுக்கும் நடுவே பிடித்து, கொட்டாப்புளியால் சின்னச் சின்னத் தட்டு. நார் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கட்டையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கை உளியைத் திருப்பவில்லை, கால்தான் கட்டையைத் திருப்பியது. "வாகைல எதுத்து வெட்டுனா மூக்கு போயிடும் தம்பி" என்றார். எங்கள் அப்பா இழைப்புளி போடும்போது பலகையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருப்பார். இரண்டும் ஒரே அறிவு.

வாகையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது வாங்கிக் கெட்டுப்போவார்கள். முதல் குறை தூள். வாகையை அறுக்கும்போது பறக்கிற தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, கண் எரியும். சிலருக்கு மூச்சு இழுக்கும். அப்பா ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் அறுப்பார். இப்போது முகக்கவசம் இருக்கிறது, கட்டாயம் போட வேண்டும். இரண்டாவது, வெள்ளை. வாகையின் வெள்ளைப் பகுதியில் இருக்கிற மாவுச்சத்துக்கு வண்டு ஆசைப்படும். ஒரே மழைக்காலத்தில் உளுத்து மாவாகக் கொட்டும். அதனால் நல்ல வேலைக்கு வெள்ளையை முழுக்கக் கழித்துவிட்டு வைரத்தை மட்டும் எடுக்க வேண்டும். கழிப்பதில் கஞ்சத்தனம் கூடாது. மூன்றாவது, எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்துக்கும் மண்ணில் புதைக்கிற கம்பத்துக்கும் வாகையைவிடத் தேக்கு மேல். அதை ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளையைக் காப்பாற்றப் பழைய ஆசாரிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். வெட்டிய கட்டையை ஏரியிலோ குளத்திலோ மாதக்கணக்கில் மூழ்க வைப்பார்கள். மாவும் இனிப்பும் தண்ணீரில் கரைந்து போகும், வண்டுக்குத் தீனி இருக்காது. பிறகு எடுத்து அறுத்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே குச்சி கொடுத்து நிழலில் அடுக்குவார்கள். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓர் ஆண்டு என்பது கணக்கு. தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்றும் சொல்வார்கள், நானும் அப்படியே செய்கிறேன், அதில் பலன் உண்டா என்று சொல்லத் தெரியாது. ஆனால் குளத்து ஊறலும் நிழல் காய்ச்சலும் செய்த உதவியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது ஏரியில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்பதும் குறைந்துவிட்டது, கட்டையைப் போட்டால் காவல் காக்க ஆளும் இல்லை.

எங்கள் மண்ணின் இன்னொரு மரமான பலாவுக்கு வாகையைப் போல விறகாகப் போகும் நிலை வரவில்லை என்பதையும் கவனிக்கிறேன். பண்ருட்டிப் பக்கத்துப் பலாதான் தஞ்சாவூர் வீணைக்குப் போகிறது. அந்த வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். மிருதங்கத்துக்கும் பலாதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியபோது தோப்புத் தோப்பாகப் பலாவும் முந்திரியும் சாய்ந்தன. வயதான பலா மரங்கள் விழுந்து கிடப்பதைப் பார்த்துக் குடியானவர்கள் அழுதார்கள். ஆனால் அந்தப் பலாவைக் கேட்டு ஆள் வந்தார்கள். மஞ்சள் வைரத்துக்கு விலை சொன்னார்கள். பலாவுக்கு வாங்குகிறவர் இருக்கிறார், அவருக்குப் பின்னால் வீணை வாசிக்கிற கை இருக்கிறது. வாகைக்கு வாங்குகிறவரை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

உண்டாக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். வீட்டு வேலைக்கு வால்நட் நிறத்தில் வேண்டும் என்று கைபேசியில் படம் காட்டிக் கேட்கிறவர்கள் இப்போது ஜெயங்கொண்டத்திலும் இருக்கிறார்கள். பழுப்புக் காகிதம் ஒட்டிய பலகையை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். அவர்களில் சிலருக்கு நான் வாகையில் சாப்பாட்டு மேஜையும் கட்டிலும் செய்து கொடுத்திருக்கிறேன். முதலில் முகம் சுளிப்பார்கள், "வாகையா, அது விறகாச்சே அண்ணே?" என்பார்கள். மெழுகு போட்ட பிறகு கையால் தடவிக்கொண்டே நிற்பார்கள்.

ஆகவே கொல்லையிலோ வரப்பிலோ வாகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெஞ்சுயரத்தில் கயிறு கட்டி அளந்து பாருங்கள். ஐந்தடிச் சுற்றுக்கு மேல் இருந்தால் விறகுக்குப் பேசாதீர்கள், பக்கத்தில் இருக்கிற ஆசாரியை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால் அடிமரத்தைத் துண்டு போடாமல் எட்டடியாவது நீளமாக விடச் சொல்லுங்கள். வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் பழைய பெயிண்டையோ மெழுகையோ கனமாகப் பூசுங்கள், இல்லாவிட்டால் முனையிலிருந்து வெடிப்பு ஏறும். வெயிலில் போடாதீர்கள், மண்ணில் படாமல் இரண்டு கல்லின் மேல் ஏற்றி வையுங்கள். மில்லுக்குக் கொண்டுபோகும்போது இரண்டங்குலப் பலகையாக அறுக்கச் சொல்லுங்கள், ஓர் அங்குலம் கேட்டால் காய்ந்து இழைத்த பிறகு முக்கால் அங்குலம்தான் மிஞ்சும். கிளைகளை விறகுக்குக் கொடுத்துவிடலாம், அதில் வைரம் இருக்காது. அந்த மரத்தின் நெற்றில் கைப்பிடி விதை எடுத்து, வெந்நீரில் போட்டு ஆறவிட்டு ஓர் இரவு ஊறவைத்து, ஆடு மேயாத வேலியோரத்தில் ஊன்றுங்கள். ஆடி மழையில் முளைத்துவிடும்.